கடைசி இடத்தில் முடித்தால் முதல் டிராஃப்ட் தேர்வு நிச்சயமா?

இல்லை. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில், புதிய வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். பருவத்தைக் கடைசியில் முடிப்பதற்குக் கிடைப்பது, அந்த வரிசையை முடிவுசெய்யும் குலுக்கலில் கூடுதல் வாய்ப்பு மட்டும்தான்.

1 முதல் 14 வரை எண்ணிட்ட பந்துகளை இயந்திரத்தில் சுழற்றுவார்கள். முதல் பந்து 20 நொடியில் வெளியே வரும், அடுத்த மூன்றும் பத்துப் பத்து நொடி இடைவெளியில். நான்கு எண்களைக் கொண்டு 1001 சேர்க்கைகள் அமையும். ஒன்றை ஒதுக்கிவிட்டு மீதி ஆயிரத்தை, பிளேஆஃப் எனும் இறுதிச் சுற்றுகளுக்குப் போகாத 14 அணிகளுக்குப் பிரிப்பார்கள். வெளிவரும் சேர்க்கை எந்த அணியிடம் இருக்கிறதோ அதற்கே முதல் தேர்வு. 2019இல் வந்த விதிப்படி மிக மோசமான மூன்று அணிகளுக்கும் ஆளுக்கு 140. அதாவது வெறும் 14 சதவீதம்!

கடைசி அணி ஐந்தாவது தேர்வுக்குச் சரிய 47.9 சதவீத வாய்ப்பு உண்டு. 2023இல் டெட்ராய்டுக்கு அதுதான் நடந்தது. முதல் தேர்வான விக்டர் வெம்பன்யாமா சான் அன்டோனியோவுக்குப் போனார். 2025இல் 17 வெற்றிகளோடு கடைசியில் நின்ற யூட்டாவுக்கும் அதே கதி. 18 சேர்க்கைகள் மட்டுமே வைத்திருந்த டல்லாஸ், முதல் தேர்வில் கூப்பர் ஃப்ளாக்கைத் தட்டிச் சென்றது. அதனால், வேண்டுமென்றே தோற்கச் சொல்லும் ரசிகர்களின் கணக்கு எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆள் கிடைத்தாலும் பொறுமை வேண்டும். வெம்பன்யாமா முதல் பருவத்தில் சராசரி 21.4 புள்ளி எடுத்து, சிறந்த புதுமுக வீரர் விருதை ஒருமனதாக வென்றார். சான் அன்டோனியோ அணியோ முந்தைய ஆண்டைப் போலவே 22 வெற்றி, 60 தோல்வி. பந்தைச் சரியான நேரத்தில் கொடுக்கத் தெரிந்த பாயின்ட் கார்டு (ஆட்டத்தை வழிநடத்தும் வீரர்) இல்லாததை அந்தப் பருவம் முழுக்கப் பார்த்தோம்.