‘எல்லாம் ஓகே’ என்ற ஒரு வரி போதாது

கேள்வி: பள்ளிப் பெற்றோர் சிலர் சேர்ந்து, ஆம்பூரில் உள்ள ஒரு சிறு காலணித் தொழிற்கூடத்தில் 400 ஜோடி தோல் ஷூக்களுக்கு ஆர்டர் கொடுத்து, பாதித் தொகையைச் செலுத்திவிட்டோம். ‘எங்கள் கியூசி (தரப் பரிசோதனைப் பிரிவு) பார்த்துவிட்டது, எல்லாம் ஓகே’ என்று ஒரு பக்கச் சான்று தருவதாக உரிமையாளர் சொல்கிறார். அதை நம்பிச் சரக்கை எடுத்துக்கொள்ளலாமா? நாங்களே பரிசோதிப்பதென்றால் எதைப் பார்க்க வேண்டும், எதை எழுதி வைக்க வேண்டும்?
– வாசகர், குடியாத்தம்

பதில்: சான்றை வாங்கி வையுங்கள், அதை மட்டும் நம்பிச் சரக்கை ஏற்காதீர்கள். எத்தனை ஜோடிகளைப் பார்த்தார்கள், எந்த மாதிரியோடு ஒப்பிட்டார்கள், எத்தனையில் என்ன குறை கண்டார்கள் என்ற விவரம் இல்லாத தாள், பரிசோதனை நடந்தது என்பதற்கே ஆதாரமாகாது. 400 ஜோடியில் ஒரு குறைகூட எழுதப்படாத அறிக்கையைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் கூடுகிறது.

முதலில், இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒரு ஜோடியில் இருவரும் கையெழுத்திட்டு, முத்திரையிட்டு, உங்கள் வசம் வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் தோலின் தடிமன், தையலின் நெருக்கம், நிறம் எல்லாமே வாய்ப்பேச்சாகிவிடும்.

எத்தனை ஜோடி பார்ப்பது என்பதற்கு ஐ.எஸ். 2500 என்ற இந்தியத் தரநிலையில் அட்டவணை உண்டு. 281 முதல் 500 வரையுள்ள லாட்டுக்கு, அதாவது ஒன்றாக வரும் மொத்தச் சரக்குக்கு, அட்டவணையின் வழக்கமான இரண்டாம் நிலைப் பரிசோதனையில் 50 ஜோடிகளை எடுக்க வேண்டும். பெரிய குறைகளுக்கு அதே அட்டவணையில் 2.5 என்ற ஏற்புத் தர வரம்பை (ஏ.கியூ.எல்.) வைத்துக்கொண்டால், மூன்று ஜோடி வரை பழுது இருந்தால் லாட்டை ஏற்கலாம், நான்கு என்றால் நிராகரிக்கலாம். சிறு குறைகளுக்கு 4.0 என்று வைத்தால், ஐந்து வரை ஏற்கலாம், ஆறு என்றால் நிராகரிக்கலாம். இந்த வரம்புகளைச் சரக்கு வருமுன்பே எழுத்தில் ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். லாட் தேறினாலும் கண்ணில் பட்ட பழுதான ஜோடியை மாற்றித் தரச் சொல்லலாம் என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஏற்றுமதி ஆர்டர்களுக்கு இவ்வகைச் சோதனை பழகிப்போன ஒன்று. நம் பிள்ளைகள் போடும் ஷூவுக்கு மட்டும் அது வேண்டாம் என்பதை என்னால் ஏற்க முடியாது.

மேலே இருக்கும் பெட்டிகளை மட்டும் திறக்காமல், எல்லா அளவுகளிலிருந்தும் நீங்களே தேர்ந்தெடுங்கள். அதிகக் கவனம் வேண்டியது சோல் ஒட்டும் இடம். அப்பரின் (ஷூவின் மேற்பகுதித் தோலின்) ஓரத்தைச் சரியாகச் சுரண்டாமலோ, பசை போதிய அளவு உலராமலோ ஒட்டியிருந்தால், புதிதில் ஒன்றும் தெரியாது. முன்பாதம் மடங்கும் இடத்தில் சில வாரங்களில் வாய் பிளக்கும். ஷூவை அந்த இடத்தில் பலமுறை மடக்கி, ஓரத்தில் நகத்தை விட்டுப் பாருங்கள். ஈரமான வெள்ளைத் துணியால் உள்ளும் புறமும் தேய்த்தால், சாயம் காலுறையில் இறங்குமா என்பது தெரிந்துவிடும். இரு குதிகால்களையும் சேர்த்து வைத்தால் உயர வேறுபாடு புலப்படும்.

பதிவேட்டில் தேதி, இடம், பார்த்தவர் பெயர், பெட்டி எண், அளவு, செய்த சோதனை, கண்ட குறை ஆகியவற்றை ஜோடிவாரியாக எழுதுங்கள். குறையில்லாத ஜோடிகளும் அதில் இடம்பெற வேண்டும். ஜோடி எண் எழுதிய சீட்டும் குறையும் ஒரே படத்தில் தெரியுமாறு ஒளிப்படம் எடுங்கள். பிழையாக எழுதியதை ஒரு கோட்டால் அடித்துச் சுருக்கொப்பமிடுங்கள். உரிமையாளர் கையெழுத்திட மறுத்தால் அதையும் எழுதுங்கள்.

இவ்வளவு விரிவாக எழுதச் சொல்வதற்குச் சட்டக் காரணம் உண்டு. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பரிசோதிக்க நியாயமான வாய்ப்பை உங்களுக்குத் தருகிறது. ஆனால் நிராகரிப்பைத் தெரிவிக்காமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்திருந்தால், நீங்கள் சரக்கை ஏற்றதாகவே கொள்ளும். மேலும், நீங்கள் பரிசோதித்த சரக்கில், அப்பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்குப் பிறகு அச்சட்டத்தின் தர உத்தரவாதத்தைக் கோர முடியாது. ஆகவே எதை எப்படிப் பார்த்தீர்கள் என்ற பதிவுதான், பின்னர் வெளிப்பட்ட குறை மறைந்திருந்த குறை என்று காட்ட உதவும்.

அப்படி ஒன்று வெளிப்பட்டால், முதலில் விரைவு அஞ்சலில் எழுத்துமூலம் தெரிவியுங்கள். தீராவிட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் அளிக்கலாம். ஆணையத்தின் அனுமதியோடு பெற்றோர் சார்பில் சிலர் மட்டுமே தாக்கல் செய்யலாம். ஆணையம் பழுதான ஷூவை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பக்கூடும் என்பதால், சோல் பிரிந்த ஜோடிகளை உள்ளூரில் ஒட்டித் தைத்துவிடாமல், அப்படியே எண் சீட்டுடன் எடுத்து வையுங்கள்.