வாசகர் வட்டத்தைப் பற்றிய ஒரு நாவல் சிலருக்குப் பிடித்தும் சிலருக்குச் சலித்தும் போவது ஏன்?

வாசகர் வட்ட நாவல் என்றால், ஒரே புத்தகத்தைப் படித்துவிட்டுக் கூடிப் பேசுகிறவர்களின் கதை. கேரன் ஜாய் ஃபௌலரின் ‘த ஜேன் ஆஸ்டின் புக் கிளப்’ (2004) நல்ல உதாரணம். கலிஃபோர்னியாவில் ஐந்து பெண்களும் ஓர் ஆணும் ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினின் ஆறு நாவல்களை ஒவ்வொன்றாகப் பேசுகிறார்கள்.

கருத்து பிளவுபட முக்கியக் காரணம் அதன் கட்டமைப்பு. புத்தகப் பேச்சு கொஞ்ச நேரம்தான். அப்புறம் கதை ஓர் உறுப்பினரின் பழைய வாழ்க்கைக்குள் நழுவிவிடும். கதை சொல்வது ‘நாங்கள்’ என்ற குரல். ஆனால் ஆறு பேருமே ‘அவள்’, ‘அவன்’ என்றுதான் வருகிறார்கள். அந்த ‘நாங்கள்’ யார் என்பது கடைசிவரை பிடிபடாது. எனக்கு அதுதான் மிகவும் பிடித்தது, நாமும் அந்த வட்டத்தில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். ஒரே நாயகி, ஒரே சிக்கல் என்று தேடுபவருக்கோ எரிச்சல் வரும். எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் ரயில் மாதிரி: அவசரக்காரருக்குக் கொடுமை, ஜன்னலோரம் வேடிக்கை பார்ப்பவருக்குச் சுகம்.

ஆஸ்டினைக் கரைத்துக் குடித்தவர்களுக்குத்தான் இது புரியும் என்று பலர் நினைக்கிறார்கள்; அப்படியில்லை, வட்டத்தின் ஒரே ஆணான கிரிக்கே ஆஸ்டினைப் படிக்காமல் வந்து சேரும் அறிவியல் புனைகதைப் பிரியர், ஆறு நாவல்களின் கதைச்சுருக்கமும் புத்தகத்தின் பின்பகுதியிலேயே இருக்கிறது.