வெள்ளைக் கப்பலும் விதியும்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்து வரலாற்றுக் கதைகளை மகளுக்குத் தினமும் சொல்கிறேன். 1120இல் வெள்ளைக் கப்பல் மூழ்கி இளவரசர் வில்லியம் இறந்தபின், அவர் தந்தை முதலாம் ஹென்றி சாகும்வரை சிரிக்கவே இல்லை என்கிறார்களே, உண்மையா? "எல்லாம் விதி" என்று அவளிடம் சொல்லி முடித்தேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பிள்ளையை உட்காரவைத்துக் கதை சொல்கிறீர்களே, அதற்கே உங்களைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தக் கடைசி வரிக்காகக் காதைத் திருகவும் வேண்டும்.

ராஜா சிரித்தாரா என்று கூடவே இருந்து பார்த்தவர் யார்? அடுத்த ஆண்டே மறுகல்யாணம் செய்துகொண்டார். அதை விடுங்கள்.

விதி என்றீர்களே, ஆர்டரிக் விடாலிஸ் என்ற துறவி எழுதிவைத்திருப்பதைப் படியுங்கள். நவம்பர் 25 இரவு, பிரான்ஸ் கரையில் நார்மண்டியின் பார்ஃபிளூர் துறை. கப்பலில் சுமார் 300 பேர். துடுப்புக்காரர்கள் கேட்டார்கள் என்று 17 வயது இளவரசர் மது கொடுக்கச் சொல்கிறார். ஆசீர்வதிக்க வந்த பாதிரியார்களைக் கேலி செய்து விரட்டுகிறார்கள். முன்னே போய்விட்ட ராஜாவின் கப்பலை முந்தவேண்டும் என்று நெருக்குகிறார்கள். கப்பலின் இடப்பக்கம் பாறையில் மோதிப் பிளக்கிறது. இதில் விதி எங்கே வந்தது?

கொள்ளிடக் கரையில் எங்கள் ஊர் ஓடக்காரர், கல்யாணக் கூட்டம் மொத்தமாக ஏறிவிட்டால் கழியை மணலில் ஊன்றிவிட்டு பீடி பற்றவைத்துக்கொள்வார். மாப்பிள்ளையின் அப்பா கூடுதல் பணம் நீட்டினாலும், "பத்துப் பேர் இறங்குங்க சாமி, அப்புறம் பேசலாம்" என்பார். அவரைத் திட்டாத வாய் ஊரில் கிடையாது. அவரும் விதியை நம்பியவர்தான், நெற்றி நிறைய திருநீறு. ஆனால் பாரம் பார்க்கிற வேலையை விதியிடம் விட்டதில்லை.

வெள்ளைக் கப்பலின் தலைவர் தாமஸுக்கு அந்தத் தைரியம் வரவில்லை. 1066இல் இங்கிலாந்தைப் பிடிக்கப் போன ராஜாவின் தந்தை வில்லியமைக் கடல் கடத்திக் கொண்டுபோனவர் என் அப்பா என்று பெருமை பேசி, ராஜாவிடமே போய்க் கேட்டு வாங்கிய சவாரி அது. மூழ்கியபின் தலையைத் தூக்கி, "ராஜாவின் மகன் எங்கே?" என்று கேட்டாராம். போய்விட்டார் என்றதும், இனி நான் இருந்து என்ன என்று தண்ணீருக்குள் போய்விட்டார். பிழைத்தது ரூவான் நகரத்துக் கசாப்புக்காரர் பெரோல்ட் ஒருவர்தான். உடம்பில் ஆட்டுத்தோல் உடுப்பு இருந்ததால் குளிர் கொல்லவில்லை.

மகளிடம் தாமஸைப் பற்றிச் சொல்லுங்கள். கப்பலின் கும்மாளத்தைப் பார்த்துப் புறப்படும் முன்பே இறங்கிக்கொண்ட ஸ்டீபனையும் விட்டுவிடாதீர்கள். 1135இல் இங்கிலாந்தின் ராஜா ஆனவர் அவர்தான். அன்றைக்கு அவருக்கு வயிற்றுப்போக்கு வேறு. பிள்ளைக்கு அதுதான் நினைவில் நிற்கும்.