தீவனம் மாறினால் கறியும் கொழுப்பும் மாறுமா? சேலம் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

எருமைக் கடாக்கன்றுக்குத் தினமும் 8 கிலோ ஈரத் திப்பி போடுகிறேன். வயிறுதான் பெருக்கிறது, கறி பிடிக்கவில்லையே? (ஆத்தூர்)

திப்பி என்பது மரவள்ளிக் கிழங்கில் மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கை. அதில் இருப்பது மாவுச்சத்தும் நாரும். புரதம் 2-3 சதவீதம்தான். அதிலும் ஈரத் திப்பியில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். உங்கள் 8 கிலோவில் காய்ந்த பொருள் ஒன்றரை கிலோ சொச்சம்தான் தேறும். புரதம் போதாவிட்டால் அசைவயிற்றில் (தீனியை முதலில் புளிக்க வைக்கும் பெரிய வயிறு) நுண்ணுயிர்கள் பெருகாது. அவை பெருகாமல் சோளத்தட்டு செரிக்காது, உள்ளேயே தங்கும். வயிறு தொங்குவது அதனால்தான்.

திப்பியை விட வேண்டாம், அளவோடு வையுங்கள். 100 கிலோ கலப்புத் தீவனத்துக்கு: உடைத்த மக்காச்சோளம் 30, கடலைப் புண்ணாக்கு 22, கோதுமைத் தவிடு 28, காய்ந்த திப்பி 15, தாது உப்புக் கலவை 2, சுண்ணாம்புக்கல் தூள் 2, சாப்பாட்டு உப்பு 1. இதில் புரதம் 16 சதவீதத்துக்குக் குறையாது. சுண்ணாம்புக்கல் தூளை வீண் செலவு என்று விடாதீர்கள். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம். கால்சியம் அதைப்போல் இரு மடங்கு இல்லாவிட்டால் கடாக்களுக்கு மூத்திரக் கல் அடைக்கும்.

200 கிலோ எடையுள்ள கன்றுக்கு இந்தக் கலவை 2 கிலோ, பசும்புல் 10 கிலோ, தட்டு ஒரு கிலோ போதும். முதல் நாளே 2 கிலோவைக் கொட்டாதீர்கள். அரை கிலோவில் தொடங்கி இரண்டு வாரத்தில் ஏற்றுங்கள். சாணம் இளகிப் புளிப்பு வாடை வந்தாலோ, கன்று அசை போடுவதை நிறுத்தினாலோ வயிற்றில் அமிலம் கூடிவிட்டது என்று அர்த்தம். உடனே கலவையை நிறுத்தித் தட்டு மட்டும் போடுங்கள். படுத்துவிட்டால் மருத்துவரை அழையுங்கள். ஈரத் திப்பியைக் குவித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். வாங்கிய அன்றே களத்தில் மெல்லிசாகப் பரப்பிக் காய வையுங்கள்.

கொழுப்பு விஷயத்துக்கு வருவோம். முதலில் குண்டிக்காயைச் சுற்றியும் குடலிலும் சேரும், பிறகு தோலடியில், கடைசியாகத்தான் தசைக்குள் வெள்ளை இழையாக ஓடும். அந்த இழைக்கு மாவுச்சத்துத் தீனி உதவும். ஆனால் எருமைக்கு இயல்பிலேயே அது குறைவு. எவ்வளவு கொட்டினாலும் குடல் கொழுப்பாகவே போய்விடும். அதற்காகச் செலவழிப்பது நஷ்டம்.

மாட்டுக்கறியில் கொழுப்பு மஞ்சளாக இருந்தது. பழைய கறியா? (செவ்வாய்ப்பேட்டை)

பெரும்பாலும் இல்லை. பசும்புல்லில் உள்ள பீட்டா கரோட்டின் என்ற மஞ்சள் நிறமி மாட்டின் கொழுப்பில் அப்படியே தங்கும். வருடக்கணக்கில் மேய்ந்த வயதான மாட்டில் இன்னும் அழுத்தமான மஞ்சள். எருமையும் ஆடும் அதை வைட்டமின் ஏ-ஆக மாற்றிவிடுவதால் அவற்றின் கொழுப்பு வெள்ளை. கொழுப்போடு நரம்பு, தசைநார், குருத்தெலும்பு எல்லாமே மஞ்சளாக இருந்தால் மட்டும் வாங்காதீர்கள். அது காமாலையாக இருக்கலாம்.

ஏற்காட்டில் மேயும் மாட்டின் கறியில் ஒமேகா-3 அதிகமாமே?

உண்மைதான். புல்லில் லினோலெனிக் அமிலம் என்ற ஒமேகா-3 உண்டு. மக்காச்சோளத்தில் ஒமேகா-6தான் மிகுதி. மேய்ந்த மாட்டில் ஒமேகா-6, ஒமேகா-3 விகிதம் 2:1 அளவில் நிற்கும், தானியத் தீனியில் அது பல மடங்கு ஏறும். புல்லில் உள்ள வைட்டமின் ஈ-யால் கறியின் சிவப்பும் கூடுதல் நேரம் நிற்கும். ஆனால் மொத்த அளவைப் பாருங்கள்: 100 கிராம் கறியில் சில பத்து மில்லிகிராம்தான். ஒரு துண்டு மத்தி மீன் அதைவிட எவ்வளவோ மேல். கடைசி மூன்று மாதம் கட்டிப்போட்டுத் தானியம் கொடுத்தால் அந்தக் கொஞ்சமும் கரைந்துவிடும்.

அப்படியானால் ஒமேகா-3 ஏறத் தீவனத்தில் எண்ணெய் ஊற்றினால்? (ஓமலூர்)

ஊற்றாதீர்கள். அசைவயிற்று நுண்ணுயிர்கள் அந்த எண்ணெயில் பெரும்பகுதியை ஸ்டியரிக் அமிலமாக, அதாவது கெட்டிக் கொழுப்பாக மாற்றிவிடும். மொத்தத் தீனியில் கொழுப்பு 5-6 சதவீதத்தைத் தாண்டினால் நார் செரிப்பதே கெடும். எண்ணெய் எடுக்காத அரிசித் தவிட்டை நிறையப் போட்டாலும் இதே கதைதான்.

மேச்சேரிச் செம்மறிக் குட்டிகளின் தோலடிக் கொழுப்பு கையில் கொழகொழவென்று ஒட்டுகிறது. (மேச்சேரி)

தானியத்தை மாவாக அரைத்துப் போடுகிறீர்களா? மாவு வேகமாகப் புளித்துப் புரோப்பியோனிக் அமிலம் மிதமிஞ்சும். ஈரல் சமாளிக்க முடியாமல் மீந்தது, கிளை விட்ட கொழுப்பு அமிலமாக மாறிச் சேரும். அது இளகிய கொழுப்பு. செம்மறி நன்றாக மெல்லும். முழுதாகவோ ஒன்றிரண்டாக உடைத்தோ போடுங்கள், கூடவே வேலிமசால் (பயறு வகைத் தீவனச் செடி) அல்லது கொழுக்கட்டைப் புல் கொடுங்கள். தானியம் ஏற்றுவதற்கு முன்பே துள்ளுமாரி (குடல் நச்சு நோய்) தடுப்பூசி போட்டுவிடுங்கள். திடீர்த் தானியம்தான் அந்த நோய்க்கு வழி விடும்.

நல்ல தீனி தின்ற காளை, கறி மட்டும் கருஞ்சிவப்பாக ஒட்டியது. (சங்ககிரி)

தீனியில் குறை இல்லை, கடைசி நாளில்தான். பட்டினியாக வண்டியில் நெருக்கி ஏற்றி, முட்டி மோத விட்டால் தசையில் சேமித்திருக்கும் சர்க்கரைச் சத்தான கிளைகோஜன் தீர்ந்துவிடும். அறுத்தபின் கறியில் அமிலம் உண்டாகாது, காரகாடித்தன்மை (pH) 5.5 அளவுக்கு இறங்காமல் 6-க்கு மேலேயே நிற்கும். அந்தக் கறி சீக்கிரம் கெடும். முதல் நாளே கொண்டுவந்து, தெரியாத மாடுகளோடு சேர்க்காமல், தண்ணீர் காட்டி நிழலில் கட்டுங்கள்.