தடுப்பூசி அட்டை தொலைந்துவிட்டது, மகள் தாதிமை படிக்கப் போகிறாள்

கேள்வி: என் மகளுக்கு 18 வயது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் தாதிமைப் (நர்சிங்) படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. திருச்சியில் பிறந்தவள், எட்டு வயதில் சிங்கப்பூர் வந்தோம். ஊரில் போட்ட தடுப்பூசிகளின் அட்டை வீடு மாறியதில் தொலைந்துவிட்டது. கல்லூரிப் படிவத்தில் ஹெப்படைட்டிஸ் பி (கல்லீரல் அழற்சி), தட்டம்மை, சின்னம்மை, காசநோய், எச்ஐவி என்று பட்டியல் நீள்கிறது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹெப்படைட்டிஸ் பி ஆன்டிபாடி 3 என்று வந்திருக்கிறது. அவளுக்கு அந்த நோய் இருக்கிறதா? போட்ட ஊசியையே மறுபடி போட்டால் கெடுதல் வராதா? சிறு வயதில் அவளுக்கு அம்மை போட்டது, கையில் பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) தழும்பும் இருக்கிறது. எச்ஐவி சோதனை எதற்கு என்று என் மாமியார் கோபப்படுகிறார். (ஈசூனிலிருந்து ஒரு தாய்)

பதில்: முதலில் அந்த 3ஐப் பார்த்துவிடுவோம். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான் என்று தெரிகிறது.

ஆன்டிபாடி என்பது கிருமி அல்ல, கிருமியை எதிர்க்க உடம்பு வைத்திருக்கும் காவல். அது 10க்கு மேல் இருந்தால் பாதுகாப்பு இருக்கிறது என்று கொள்வோம். 3 என்றால் காவல் குறைவு, அவ்வளவுதான். நோய் இருக்கிறதா என்று சொல்வது வேறொரு சோதனை, கிருமியின் துணுக்கையே ரத்தத்தில் தேடும் ஆன்டிஜென் சோதனை. பெரும்பாலும் இரண்டையும் ஒரே தாளில் அடுத்தடுத்த வரிகளில் அச்சிட்டிருப்பார்கள். பெயரும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும், பெற்றோர் குழம்புவது இங்கேதான். ஆன்டிஜென் வரியில் ‘நெகட்டிவ்’ என்று இருந்தால் கிருமி இல்லை. அந்த வரியே தாளில் இல்லையென்றால் ரத்தம் எடுத்த மருந்தகத்தில் கேட்டு அந்தச் சோதனையையும் செய்துவிடுங்கள்.

அப்படியானால் ஏன் 3? குழந்தையில் ஊசி போட்டிருந்தாலும் பதினைந்து இருபது வருடத்தில் ஆன்டிபாடி இப்படி இறங்குவது சாதாரணம். ஊசியே போடாமலும் இருந்திருக்கலாம். இந்தியா முழுவதும் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் ஹெப்படைட்டிஸ் பி சேர்ந்தது 2011இல்தான். சிங்கப்பூரில் 1987லிருந்தே பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் போடுகிறார்கள். உங்கள் மகள் கதை எது என்று இனிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பதிவு இல்லாததால் புதிதாகவே தொடங்கலாம்: இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் எண் 10ஐத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கடைசிச் சோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஊசிமுனை குத்தும் ஆபத்துள்ள வேலைக்குப் போகிற பிள்ளை, அவளுக்கு அது கட்டாயம் வேண்டும்.

ஏற்கெனவே போட்ட ஊசியை மறுபடி போடுவதால் உடம்புக்குக் கெடுதல் இல்லை. கை ஒரு நாள் வலிக்கும், சிலருக்கு லேசாகக் காய்ச்சல் அடிக்கும். சந்தேகம் இருந்தால் போட்டுவிடுவதே நல்லது. ஆகவே அட்டைக்காகத் திருச்சி உறவினர்களை அலைய விடாதீர்கள். ஆனால் சிங்கப்பூர் வந்தபின் போட்டவற்றை மட்டும் அவளுடைய சிங்பாஸ் கணக்கு வழியாக ஹெல்த்ஹப் என்ற அரசுச் சுகாதாரத் தளத்தில் பாருங்கள். பள்ளியில் போட்ட ஊசிகள் அங்கே இருக்கும். 2019லிருந்து உயர்நிலை ஒன்று மாணவிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான ஹெச்பிவி ஊசியைப் பள்ளியிலேயே தருகிறார்கள், அதுவும் பதிவாகியிருக்கிறதா பாருங்கள்.

அடுத்து, ‘அம்மை போட்டது’ என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த அம்மை? நம் வீடுகளில் உடம்பில் எது கிளம்பினாலும் அம்மைதான். வேப்பிலை செருகி, மூன்று தண்ணீர் ஊற்றி முடித்துவிடுவோம். நீர் கோத்த கொப்புளமாக வந்து பொருக்குத் தட்டினால் அது சின்னம்மை. காய்ச்சல், இருமல், கண் சிவப்போடு மேனியெங்கும் சிவந்த தடிப்பாகப் படர்ந்தால் தட்டம்மை, சிலர் மணல்வாரி என்பார்கள். கன்னம் வீங்கினால் பொன்னுக்கு வீங்கி, அதையும் சில ஊர்களில் அம்மைக்கட்டு என்றே சொல்கிறார்கள். மூன்றும் வேறு வேறு கிருமிகள். ஒன்று வந்துபோனது மற்றொன்றைத் தடுக்காது. அதனால் படிவத்தில் ‘அம்மை வந்திருக்கிறது’ என்று எழுதினால் ஏற்க மாட்டார்கள், அது சரியும்கூட. உங்கள் நினைவில் நீர்க்கொப்புளம் இருந்தால் சின்னம்மைக்கு ரத்தத்தில் ஆன்டிபாடி பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். இல்லையென்றால் இரண்டு ஊசி. இங்கேயே தேசிய குழந்தைத் தடுப்பூசி அட்டவணையில் சின்னம்மை சேர்ந்தது 2020இல்தான், ஆகவே உங்கள் மகள் மட்டும் விடுபட்டவள் அல்ல.

தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) மூன்றுக்கும் சேர்த்து எம்எம்ஆர் ஊசி, இரண்டு தவணை, குறைந்தது நான்கு வாரம் இடைவெளி. இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. தட்டம்மை நோயாளி அறையைவிட்டுப் போனபிறகும் இரண்டு மணி நேரம்வரை அந்தக் காற்றில் கிருமி இருக்கும். குழந்தைகள் வார்டில் எம்எம்ஆர் போடும் வயதையே எட்டாத கைக்குழந்தைகள் படுத்திருக்கும். அந்த வார்டுக்குள் நடந்து போகப்போகிறவள் உங்கள் மகள்.

காசநோய்ச் சோதனைக்கும் இந்த ஊசிக்கும் ஒரு வரிசை உண்டு. எம்எம்ஆர், சின்னம்மை இரண்டும் உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரித்த ஊசிகள். அவற்றைப் போட்டபின் சில வாரங்களுக்குக் காசநோய்ச் சோதனை தவறாக ‘இல்லை’ என்று காட்டக்கூடும். ஆகவே காசநோய்ச் சோதனையை முதலில் முடியுங்கள், அல்லது இரண்டையும் ஒரே நாளில் செய்யுங்கள். இரண்டும் முடியாவிட்டால் ஊசிக்குப்பின் நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். முன்பு என்னிடம் வந்த ஒரு மாணவி அவசரத்தில் எம்எம்ஆரை முதலில் போட்டுக்கொண்டுவிட்டாள். பாவம், அந்தப் படிவம் ஒரு மாதம் காத்துக்கிடந்தது.

பிசிஜி தழும்பு இருக்கும்போது சோதனை எதற்கு என்றால், பிசிஜி சிறு குழந்தைகளை மூளையைத் தாக்கும் கடுமையான காசநோயிலிருந்து காப்பதற்குத்தான் நன்றாக உதவும். வளர்ந்தவர்களுக்கு அது போதாது. தோலில் போட்டுப் பார்க்கும் சோதனையில் பிசிஜியாலேயே தடிப்பு வரலாம், ரத்தப் பரிசோதனையில் அந்தக் குழப்பம் இல்லை. ‘பாசிட்டிவ்’ என்று வந்து, எக்ஸ்ரே சுத்தமாக, இருமலும் காய்ச்சலும் இல்லாமல் இருந்தால் கிருமி உள்ளே உறங்குகிறது என்று பொருள். அது யாருக்கும் பரவாது. மாத்திரை சாப்பிட்டு, பின்னால் நோயாக வெடிக்கும் வாய்ப்பைப் பெரிதும் குறைக்கலாம்.

எச்ஐவி சோதனை பற்றி உங்கள் மாமியாரிடம் நிதானமாகப் பேசுங்கள். அது மகளின் நடத்தைமேல் வந்த சந்தேகம் அல்ல. நோயாளியின் ரத்தத்தைத் தொட நேரும் படிப்புக்கு வருபவர் யாராக இருந்தாலும் கேட்பதுதான். வெளிநாட்டிலிருந்து நீண்டகாலம் படிக்க வரும் மாணவர்களுக்கும் மாணவர் அனுமதி அட்டைக்காக நெஞ்சு எக்ஸ்ரேயோடு இந்தச் சோதனையைச் செய்கிறோம். முடிவை மகளிடம்தான் சொல்வார்கள், அவளுக்கு அந்த உரிமை உண்டு. அதேபோல எம்எம்ஆர் போடும்முன், கர்ப்பம் தரிக்க வாய்ப்பு உண்டா என்று தாதி அவளைத் தனியாகக் கேட்பார், கர்ப்பிணிகளுக்கு உயிருள்ள ஊசி போடுவதில்லை. அந்த இரண்டு நிமிடம் நீங்கள் வெளியே இருங்கள், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, இதை எப்படி ஒழுங்குபடுத்துவது? பலதுறை மருந்தகத்திலோ வழக்கமாகப் போகும் குடும்ப மருத்துவரிடமோ முதலில் ரத்தம் கொடுக்கட்டும். முடிவு வந்ததும் ஹெப்படைட்டிஸ் பி, எம்எம்ஆர், தேவையானால் சின்னம்மை எல்லாவற்றையும் ஒரே நாளில் போடலாம். உயிருள்ள ஊசிகள் இரண்டையும் ஒரே நாளில் போடாவிட்டால் நான்கு வாரம் இடைவெளி விட வேண்டிவரும். ஒரு மாதம் கழித்து இரண்டாம் சுற்று, ஆறாம் மாதம் மூன்றாவது ஹெப்படைட்டிஸ் பி. ஊசிக்கு மூன்றே நடை. தேசியத் தடுப்பூசி அட்டவணையில் உள்ள ஊசிகளுக்கு உங்கள் மெடிசேவ் மருத்துவச் சேமிப்பையும் பயன்படுத்தலாம். ஆறு மாதம் முடியாமல் வார்டுப் பயிற்சி தொடங்கினால் என்ன செய்வது என்று கல்லூரியில் இப்போதே கேட்டு வையுங்கள்.

ஊசி நாளில் வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். இந்த வயதுப் பிள்ளைகள் ஊசிக்குப்பின் மயங்கி விழுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஒரு கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள்.