கேளுங்கள்: அணையும் கம்ப்யூட்டரும்

கேள்வி: ஐயா, எங்கள் வீடு குந்தா பாலம் பக்கம், ஆற்றை ஒட்டி. மேலே அவலாஞ்சி, எமரால்டு அணைகள். ஒருவேளை அணை உடைந்தால் வெள்ளம் எப்போது, எவ்வளவு உயரம் வரும் என்று கம்ப்யூட்டர் சில நிமிடத்தில் சொல்லிவிடும் என்கிறான் என் மகன். நம்பலாமா?
- ஒரு வாசகி, நீலகிரி

பதில்: பாதி நம்பலாம் அம்மா. முதலில், பயப்பட வேண்டாம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியபோதும் அந்த அணைகள் அசையவில்லை.

கணக்கு பழசுதான். 1871-இல் செயின்ட் வெனான் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய சமன்பாடுகள். பள்ளத்தாக்கைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தண்ணீரின் ஆழமும் வேகமும் நொடிக்கு நொடி போட வேண்டும். நான் அணை வேலையில் இருந்த காலத்தில் ராத்திரி முழுக்க ஓடிய கணக்கை, இன்று பிள்ளைகள் கேம் ஆடும் கிராபிக்ஸ் கார்டு டீ ஆறுவதற்குள் முடித்துவிடுகிறது.

சிக்கல் நாம் கொடுக்கும் தரவில். விண்ணிலிருந்து ரேடார் அளந்த, இலவசமாகக் கிடைக்கும் தரை உயரத் தரவு 30 மீட்டர் கட்டங்களில், கட்டத்துக்கு ஓர் உயரமாக வரும். நம் ஓடைகள் பல இடங்களில் அதைவிடக் குறுகல். போதாததற்கு, கற்பூர மரத்தின் உச்சியையே ரேடார் தரை என்று எடுத்துக்கொள்ளும். ஒரு வரைபடத்தில் ஓடை நடுவே குளம் தேங்கி நின்றது. நேரில் போய்ப் பார்த்தால் தண்ணீர் தடையில்லாமல் ஓடுகிறது. இரு கரையிலும் நெடுநெடுவென்று கற்பூர மரங்கள்! அப்படி ஒரு பொய் மேடு இருந்தால், உங்கள் வீட்டுக்கு வெள்ளம் தாமதமாக வருவதாகத் தெரியும். ஆபத்தான தவறு அது.

அப்புறம், உடைப்பு எவ்வளவு அகலம், எவ்வளவு நேரத்தில் என்பதையும் நாம்தான் சொல்ல வேண்டும். 1959-இல் பிரான்சின் மால்பாசே கான்கிரீட் அணை ஒரேயடியாகப் போனது. 1976-இல் அமெரிக்காவின் டீட்டன் மண் அணை காலையில் கசிந்து, நண்பகலில்தான் உடைந்தது. அந்தச் சில மணி நேரத்தில் கீழே இருந்த பெரும்பாலோர் தப்பிவிட்டார்கள். இங்கேயோ குந்தா, கெத்தை, பில்லூர் என்று அணைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. மேலே ஒன்று போனால் அடுத்தது தாங்குமா என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வேகமான கணக்கு எனக்குப் பிடிப்பது இதனால்தான். ஒன்றையே நம்பிக் கிடக்காமல், அகலத்தையும் நேரத்தையும் மாற்றி மாற்றி முப்பது தடவை ஓட்டி, மோசமானதை வைத்துத் திட்டம் போடலாம்.

2021 அணைப் பாதுகாப்புச் சட்டப்படி பெரிய அணைகளுக்கு அவசரகாலச் செயல்திட்டம் வேண்டும். தாசில்தார் அலுவலகத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள்: எங்கள் தெருவுக்கு எத்தனை நிமிடம்? நடுராத்திரியில் எங்களை யார் எழுப்புவார்கள்? இரண்டாவதற்கு எந்தக் கம்ப்யூட்டரிலும் பதில் கிடையாது.