வரைந்த முகத்துக்கு எப்படிப் பயப்படுவது? – கடிதம்

வணக்கம் சார்,

நீங்கள் ஒரு பேச்சில் சொன்னதால் ‘பெர்ஃபெக்ட் ப்ளூ’ என்ற ஜப்பானிய அனிமேஷன் படம் (அனிமே) பார்த்தேன். நன்றாக இருந்தது, ஆனால் பயம் வரவில்லை. வரைந்த படம் என்று தெரிந்த பிறகு எப்படிப் பயம் வரும்? பேயும் கிடையாது. பாதிக்கு மேல் எது நிஜம், எது கதாநாயகி மிமாவின் பிரமை என்றே புரியவில்லை. நடிகர்களை வைத்து எடுத்திருக்கலாமே? கடைசியில் கார் கண்ணாடியில் அவள் பேசுவது மிமாதானா?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

முதலில் நடிகர்களை வைத்துத்தான் எடுக்க நினைத்தார்கள். 1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு அந்தத் திட்டம் கைவிடப்பட்டு அனிமேஷன் ஆனது. சதோஷி கோன் இயக்கிய முதல் படம் அது, 1997இல் வந்தது. அப்படி மாறியதில் நமக்குத்தான் லாபம் என்பேன்.

பாடுவதை விட்டு நடிக்க வந்த மிமாவை, தன்னையே மிமா என்று நம்பும் அவளுடைய மேலாளர் ரூமி தெருவில் துரத்தும் இடத்தை நினைத்துப் பாருங்கள். பாடகி உடையில் ஒரு ‘மிமா’ எடையே இல்லாததுபோல் துள்ளிக்கொண்டு வருகிறாள். கடைக் கண்ணாடியில் மட்டும் பருத்த உடம்போடு மூச்சிரைக்க ஓடும் ரூமி தெரிகிறாள். நடிகர்களை வைத்து எடுத்திருந்தால் அந்தத் துள்ளலைப் பார்த்ததும் “கிராஃபிக்ஸ்” என்று நம் மனம் ஒதுக்கிவிடும். இங்கே பிரமையும் அதே கோடு, அதே வண்ணம். பிரித்துப் பார்க்கக் கண்ணுக்கு ஒரு பிடியும் கிடைப்பதில்லை. மிமா கட்டிலில் விழித்தெழும் காட்சி திரும்பத் திரும்ப வருகிறதே, முந்தைய காட்சி கனவா, படப்பிடிப்பா, நடந்ததா? அவளுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. நீங்கள் “புரியவில்லை” என்று எழுதியிருக்கிறீர்களே, படம் உங்களிடம் வேலை செய்துவிட்டது என்று அர்த்தம். அதைப் பயம் என்று நீங்கள் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

பேய் இல்லை என்கிறீர்கள். ‘மிமாவின் அறை’ என்ற இணையதளம் போதாதா? அவளுக்குக் கணினியே புதிது, ரூமிதான் சொல்லித்தருகிறாள். அவள் பெயரில் யாரோ எழுதும் நாட்குறிப்பை முதலில் சிரித்துக்கொண்டே படிக்கிறாள். ரயிலில் இருந்து இறங்கும்போது எந்தக் காலை முதலில் வைப்பாள் என்பதுவரை அதில் இருக்கிறது. அப்புறம் மெல்ல மெல்ல, தான் அன்றைக்கு என்ன செய்தோம் என்பதையே அதில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலைக்கு வந்துவிடுகிறாள். ‘நான்’ என்று எழுதும் உரிமை இன்னொருவர் கைக்குப் போய்விட்டது. தொலைக்காட்சித் தொடரில் அவளுக்குக் கிடைக்கும் முதல் வசனமே “நீ யார்?” என்பதுதான். அந்த ஒற்றை வரியை அவள் ஓரமாக நின்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறாள். எனக்கு வயிற்றைக் கலக்கிய இடம் அது, கொலைகள் அல்ல.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அந்தத் தொடருக்காக எடுக்கப்படும் பலாத்காரக் காட்சியில் கேமரா தேவைக்கு மேல் நிற்கிறது. ஆனால் நடுவில் ‘கட்’ சொன்னதும் அந்த நடிகர் மிமாவிடம் மெதுவாக மன்னிப்புக் கேட்பார். அந்த மரியாதைதான் மொத்தக் காட்சியையும் தாங்கமுடியாததாக்குகிறது.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். கண்ணாடியை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ரயில் ஜன்னலில் தெரிந்த பாடகி பொய், கடைக் கண்ணாடியில் தெரிந்த ரூமி நிஜம். ஆகவே கண்ணாடியை விடுங்கள், அவள் யாருக்குப் பதில் சொல்கிறாள் என்று பாருங்கள். மருத்துவமனையில் ரூமியைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, இவள் நிஜ மிமாவாக இருக்காது, அவளைப்போல யாரோ என்று நர்ஸுகள் கிசுகிசுக்கிறார்கள். காரில் ஏறி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “இல்லை, நான் நிஜம்தான்” என்கிறாள். அந்த நர்ஸுகளுக்கான பதில் அது. ரூமிதான் மிமாவாக நிற்கிறாள் என்று வாதாடுகிற ரசிகர்கள் உண்டு, நான் அந்தக் கட்சியில் இல்லை.

சரி, இன்னும் கேட்க இருந்தால் கோனின் ‘பரனோயா ஏஜென்ட்’ பார்த்துவிட்டு எழுதுங்கள். 2004இல் வந்த தொடர், 13 பகுதிகள்தான்.